பெரியவளின் குரலில்

அக்கா தங்கை இருவருக்கும் முகத்தில் ஒற்றுமை கிடையாது. பெரியவள் அப்பாவைப் போல உயரம், அகன்ற நெற்றி. சின்னவள் அம்மாவைப் போலக் குள்ளம், உருண்டை முகம். குரல் மட்டும் ஒரே அச்சு. பள்ளிக்கூட நாட்களில் பெரியவளின் தோழிகள் போனில் சின்னவளிடம் மனசில் உள்ளதையெல்லாம் கொட்டித் தீர்த்துவிட்டு, கடைசியில் "அடிப்பாவி, நீயா?" என்று வைத்ததுண்டு. அப்போது அது வீட்டில் எல்லோரும் சொல்லிச் சிரிக்கும் விஷயமாக இருந்தது.

வளர்ந்த பிறகு அந்தக் குரலே சின்னவளுக்குச் சோறு போட்டது. பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. மாடியில் கண்ணாடி போட்ட சிறிய அறை, ஒரு மைக், ஒரு மின்விசிறி. எந்த ஊர் வண்டி எந்த இடத்தில் நிற்கிறது, எது தாமதம், எந்தக் குழந்தை தொலைந்துபோய் அழுதுகொண்டிருக்கிறது என்று நாள் முழுக்கச் சொல்ல வேண்டும். கல்யாணம் தள்ளிப் போய்க்கொண்டே இருந்து, பிறகு அந்தப் பேச்சையே வீட்டில் யாரும் எடுக்கவில்லை. சர்க்கரை வியாதியில் பார்வை போய்விட்ட அம்மாவோடு ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தாள்.

பெரியவள் ஆற்றுக்கு இந்தப் பக்கம், நிலையத்துக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு லாண்டரிக்காரருக்கு வாழ்க்கைப்பட்டிருந்தாள். முன்னால் கடை, நடுவில் சலவை இயந்திரங்கள், பின்னால் ஒரு கதவு. அந்தக் கதவுக்கு அப்பால் மாடி வீட்டுக்குப் போகும் செங்குத்தான படி. பிள்ளை இல்லை. வேலைக்கு இருந்தது ஒரே ஆள், வயதான இஸ்திரிக்காரர்.

அத்தான் பேச்சில் கெட்டிக்காரர். நிலையத்தின் பக்கம் வரும்போதெல்லாம் மாடியேறி வந்து கண்ணாடியைத் தட்டுவார். "உன் குரலைக் கேட்டா வண்டி ஏறினவன்கூட இறங்கிடுவான்" என்பார். சின்னவளை அவர் "மைக்கு" என்றுதான் கூப்பிடுவார். ஒரு முறை அவள் கைக்கடிகாரத்தின் வார் அறுந்தபோது, கழற்றி வாங்கிப் போய்ப் புது வார் போட்டுக் கொண்டுவந்து, தானே கட்டிவிட்டார். அதற்கு மேல் ஒன்றும் நடந்ததில்லை. ஆனால் அவர் வருவதாக இருந்த நாட்களில் சின்னவள் நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டினாள். அது அவளுக்கே தெரியும். தெரிந்தும் தெரியாதது மாதிரி இருந்தாள்.

ஒரு நாள் மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் அத்தான் வந்தார். வழக்கம்போல் சிரிக்கவில்லை. கீழே வேனில் பக்கத்து ஊர் ஹோட்டலுக்குக் கொடுக்க வேண்டிய விரிப்புகள் மூட்டை மூட்டையாக ஏற்றியிருந்தன. காலையில் தனக்கும் அக்காவுக்கும் சண்டை என்றார். அவள் கோபித்துக்கொண்டு தோழி வீட்டுக்குப் போய்விட்டாள், போனையும் அணைத்துவிட்டாள், இரண்டு நாளில் தானே வந்துவிடுவாள், முன்பும் இப்படி நடந்திருக்கிறது என்றார். பிரச்சினை அம்மாதான். பெரியவள் தினமும் மதியம் கடை சாத்தியிருக்கும் நேரத்தில் கடைப் போனிலிருந்து அம்மாவிடம் பேசுவாள். இன்று அந்த அழைப்பு வராவிட்டால் அம்மா பதறிவிடுவாள். நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரியில் படுத்திருந்து அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தாள்.

"சண்டைன்னு தெரிஞ்சா தாங்குவாங்களா?" என்றார். "நீ பேசிடு மைக்கு. அவ மாதிரி. ரெண்டே வார்த்தை. சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, அவ்வளவுதான்."

இங்கிருந்தே பேசட்டுமா என்று கேட்டாள். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். அம்மாவின் போன் அடிக்கும்போது யார் கூப்பிடுவது என்று பெயரைச் சத்தமாகச் சொல்லும் வகை. கடைப் போனிலிருந்து வந்தால்தான் நம்புவாள். அவர் கடைச் சாவியை மைக்கின் பக்கத்தில் வைத்தார். தனக்கு ஹோட்டலுக்கு நேரமாகிவிட்டது என்றும், திரும்ப மறுநாள் ஆகும் என்றும் சொன்னார். இறங்கிப் போகும்போது திரும்பி, "உன்னை விட்டா எனக்கு யார் இருக்கா?" என்றார்.

அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது.

உணவு இடைவேளையில் அவள் கடைக்கு நடந்தாள். தெருவில் எல்லாக் கடைகளும் பாதி சாத்திக் கிடந்தன. பூட்டைத் திறந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இயந்திரங்கள் ஓய்ந்திருந்தன. ஈரத் துணியும் சோப்புமாக வாசனை. பின்கதவு மூடியிருந்தது. அதன் முன்னால் அக்காவின் செருப்பு. ஒன்று நேராகவும் ஒன்று கவிழ்ந்தும் கிடந்தன. வேறு செருப்புப் போட்டுக்கொண்டு போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள். கவிழ்ந்ததை நிமிர்த்தி, இரண்டையும் ஜோடியாக வைத்தாள். பிறகு போனை எடுத்தாள்.

அம்மா உடனே எடுத்தாள். குரலை மாற்றக்கூட வேண்டியிருக்கவில்லை. கொஞ்சம் நிதானமாகப் பேசினால் போதும், அது பெரியவள்தான். சாப்பிட்டியா என்று கேட்டாள். மாத்திரை போட்டியா என்று கேட்டாள். வைத்துவிட நினைத்தபோது அம்மா குரலைத் தாழ்த்தினாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். சின்னவளை அங்க அடிக்கடி வரவிடாத. உன் புருஷன் பேரை எடுத்தாலே அவ குரல் மாறுது. எனக்குக் கண்ணுதான் தெரியல."

சின்னவள் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"கெட்டவ இல்ல. ஆனா நீ ஜாக்கிரதையா இரு. கேக்குதா?"

"கேக்குதும்மா" என்றாள், அக்காவின் குரலில். போனை வைத்தாள். கடையைப் பூட்டினாள். இடைவேளை முடிவதற்குள் மைக்குக்கு முன்னால் வந்து உட்கார்ந்து, மலைப்பக்கம் போகும் வண்டி புறப்படத் தயாராக இருப்பதாக அறிவித்தாள்.

மறுநாள் காலை அத்தான் திரும்பி வந்து, இஸ்திரிக்காரரும் கூட இருக்கும்போது பின்கதவைத் திறந்தார். படியின் கீழே பெரியவள் கிடந்தாள். பின்மண்டையில் அடி. உயிர் போய் வெகுநேரம் ஆகியிருந்தது.

போலீஸ் வந்தது. இன்ஸ்பெக்டர் ஒரு பெண்மணி, ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். அதிகம் பேசமாட்டார். கேள்வியைக் கேட்டுவிட்டு, பதில் வந்த பிறகும் சற்று நேரம் காத்திருப்பார். இறந்த நேரத்தை மருத்துவரால் திட்டமாகச் சொல்ல முடியவில்லை. முதல் நாள் காலையாகவும் இருக்கலாம், சாயங்காலமாகவும் இருக்கலாம் என்றார். ஆனால் அம்மா சொன்னாள், மதியம் என் மகள் என்னிடம் பேசினாள் என்று. கடைப் போனிலிருந்து அழைப்பு போனதற்கு அத்தாட்சியும் இருந்தது. அந்த நேரத்தில் அத்தான் பக்கத்து ஊர் ஹோட்டலில் விரிப்புகளை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பார்த்தவர்கள் இருந்தார்கள். மதியத்துக்குப் பிறகு தன்னிடமிருந்த சாவியால் கடையைத் திறந்து சாயங்காலம் வரை தனியாக இருந்தது இஸ்திரிக்காரர் மட்டும். அந்த வாரம்தான் ஒரு பட்டுச் சட்டையைக் கருக்கியதற்காகப் பெரியவள் அவரைச் சத்தம் போட்டதைத் தெருவே கேட்டிருந்தது. முதலாளியம்மா தூங்குறாங்கன்னு நெனச்சேன், அதான் மாடிப் பக்கம் போகல என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அழைத்துக்கொண்டு போனார்கள்.

சின்னவளிடமும் கேட்டார்கள். அன்று மதியம் எங்கே இருந்தீர்கள்? அறிவிப்பு அறையில் இருந்தேன் என்றாள். இன்ஸ்பெக்டர் வழக்கம்போல் காத்திருந்தார். சின்னவள் வேறெதுவும் சொல்லவில்லை. அழுகையும் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரி, பாவம் பிரமை பிடித்த மாதிரி ஆகிவிட்டாள் என்று மற்றவர்களிடம் சொன்னது காதில் விழுந்தது. அது யாரையோ பற்றிச் சொல்வது போல இருந்தது.

எல்லாம் முடிந்து வந்தவர்கள் கலைந்த பிறகு, அத்தான் சமையலறைக்குள் வந்தார். அம்மா முன்னறையில் படுத்திருந்தாள். அவர் தண்ணீர் எடுத்துக் குடித்துவிட்டு, மெல்லிய குரலில் பேசினார். அன்று காலைச் சண்டையில் பெரியவள் இவர் கையைப் பிடித்தாள், இவர் உதறினார், அவள் படியில் சரிந்துவிட்டாள். இறங்கி வந்து பார்த்தபோது மூச்சில்லை. யார் நம்புவார்கள்?

"அப்ப நான் போன் பேசினப்போ?" என்று சின்னவள் கேட்டாள்.

அவர் குடித்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். அன்று மூடியிருந்த பின்கதவுக்கு அப்பால் அக்கா கிடந்திருக்கிறாள். தான் செருப்பை ஒழுங்குபடுத்திவிட்டு அவள் குரலில் பேசியிருக்கிறோம். சின்னவளுக்கு இது புரிந்தது, ஆனால் உள்ளே எங்கும் போய்த் தைக்கவில்லை. பல் பிடுங்க மருந்து போட்ட ஈறு போல எல்லாம் மரத்திருந்தது.

"நீ வாயைத் திறந்தா நீயும்தான் மாட்டுவ" என்றார் அத்தான். "மிரட்டல. நடக்கப்போறதைச் சொல்றேன். அம்மாவை யார் பாத்துக்குவா?"

இஸ்திரிக்காரர் என்ன ஆவார் என்று கேட்டாள். சாட்சி எதுவும் பலமாக இல்லை, தானாகவே விட்டுவிடுவார்கள் என்றார். அவள் அதை நம்பினாள் என்று சொல்ல முடியாது. நம்பினால் வசதியாக இருந்தது. ஒன்றைச் சொல்லப் போனால் மற்றதையும் சொல்ல வேண்டும், ஏன் போனாய், அவர் கேட்டதும் ஏன் சம்மதித்தாய் என்று. அம்மா போனில் சொன்னதே நிஜம் என்று ஊர் முழுக்க ஒலிபெருக்கியில் சொல்வது போலாகும். அவள் வேலைக்குப் போனாள். வந்தாள். சமைத்தாள். அம்மாவுக்கு மருந்து கொடுத்தாள். அறிவிப்பில் ஒரு தடவைகூடக் குரல் பிசகவில்லை. மேலாளர்கூட அதைக் குறிப்பிட்டுப் பாராட்டினார்.

இஸ்திரிக்காரரை விட்டுவிடவில்லை. வாரங்கள் போய் மாதங்கள் ஆயின. அத்தான் கடையை மூடிவிட்டு ஹோட்டல் இருக்கும் ஊருக்கே போய்விட்டார். போகும்போது சொல்லிக்கொள்ளவில்லை.

ஒரு சாயங்காலம் ஒல்லியான ஒரு பெண்மணி மூச்சு வாங்க மாடியேறி வந்தாள். இஸ்திரிக்காரரின் மனைவி. சின்னவள் எழுந்துவிட்டாள். அந்த அம்மாள் உட்காருங்கள் என்று கையைக் காட்டிவிட்டு, தான் நின்றுகொண்டே இருந்தாள்.

சண்டைக்கு வரவில்லை என்று முதலிலேயே சொன்னாள். அக்கா தன் வீட்டுக்காரரை ஒரு நாளும் மரியாதைக் குறைவாகக் கூப்பிட்டதில்லை, சட்டையைக் கருக்கிய அன்று கத்தியதற்குக்கூடச் சாயங்காலமே வருத்தம் சொன்னாள் என்றாள். அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை என்று குடும்பத்தில் யாராவது கோர்ட்டில் ஒரு வார்த்தை சொன்னால் புண்ணியமாகப் போகும் என்றாள். பிறகு ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். நிலையத்தின் பின்சுவரை ஒட்டித்தான் சிறைச்சாலை.

"அவருக்கு உங்க குரல் உள்ள கேக்குதாம்மா" என்றாள். "நீங்க வண்டி பேரைச் சொல்லச் சொல்ல, கூடவே அவரும் சொல்லிப் பாப்பாராம். தெரிஞ்ச குரல் ஒண்ணாவது பக்கத்துல இருக்கேன்னு சொல்றாரு."

 அதற்குள் கீழே சைகை விளக்கு எரிந்து அணைந்தது. வண்டி புறப்படும் நேரம். அந்தப் பெண்மணி எதிரில் நிற்க, அவள் மைக்கை இழுத்து ஊர் பெயரைச் சொன்னாள், நிற்கும் இடத்தைச் சொன்னாள், பயணிகளின் அன்பான கவனத்திற்கு என்றாள். எல்லாம் சரியாகவே வந்தது. அப்படிச் சரியாக வந்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை. இஸ்திரிக்காரரின் மனைவி படியிறங்கிப் போனதும் மின்விசிறியை நிறுத்தினாள், கதவைச் சாத்தினாள், நேராகக் காவல் நிலையத்துக்குப் போனாள்.

இன்ஸ்பெக்டர் முழுவதும் கேட்டார். இத்தனை மாதம் ஏன் வரவில்லை என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தார். சின்னவள் காரணத்தையும் சொன்னாள். அத்தான் மேல் தனக்கிருந்ததை வாய் திறந்து ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. செருப்பை நிமிர்த்தி வைத்ததைச் சொன்னாள். இன்ஸ்பெக்டர் அலமாரியிலிருந்து புகைப்படங்களை எடுத்து ஒன்றை வெகுநேரம் பார்த்தார்.

"செருப்பு நேராத்தான் இருக்கு" என்றார். "ஆனா அது சாட்சி சொல்லாது. உங்க அம்மாதான் சொல்லணும். அவங்க வாக்குமூலத்துலதான் இந்தக் கேஸே நிக்குது."

மறுநாள் அம்மாவை அழைத்து வந்தார்கள். எதற்கென்று சின்னவள் முந்தின நாளே வீட்டில் சொல்லியிருந்தாள். அம்மா முழுக்கக் கேட்டுவிட்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுத்துக்கொண்டாள். இப்போது நாற்காலியில் நிமிர்ந்து, கைகளை மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்று போனில் பேசியது யார் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். பெரியவள் என்றாள். உறுதியாகத் தெரியுமா என்றார். பெற்றவளுக்குத் தெரியாதா என்றாள்.

இன்ஸ்பெக்டர் சின்னவளைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். சின்னவள் சுவரோரம் நின்றிருந்தாள். மூச்சை இழுத்துக்கொண்டு, நிதானமாகக் கேட்டாள்.

"அம்மா, சாப்பிட்டியா? மாத்திரை போட்டியா?"

பெரியவள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அம்மா கையை நீட்டி அவள் நெற்றியைத் தடவிப் பார்ப்பாள், மெலிந்திருக்கிறாளா என்று. சின்னவளுக்கு அப்படிச் செய்வதில்லை, கூடவே இருப்பவள்தானே. இப்போது அம்மாவின் வலது கை மடியிலிருந்து எழுந்தது. உயரமான ஒருத்தியின் நெற்றி இருக்கக்கூடிய இடத்துக்கு, காற்றில், விரல்கள் விரிந்தபடி போனது. அங்கேயே நின்றது. பிறகு மெதுவாக மடிக்கு இறங்கியது.

"இது சின்னவ" என்றாள் அம்மா. "எனக்குத் தெரியாம இருக்குமா? அன்னைக்குப் பேசினது பெரியவதான். எங்க வேணும்னாலும் சத்தியம் பண்றேன்."

இன்ஸ்பெக்டர் ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றி அம்மாவின் கையில் கொடுத்தார். குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்தார்.

"கையை எதுக்கும்மா தூக்கினீங்க?"

அம்மா டம்ளரைப் பிடித்தபடியே இருந்தாள். வெளியே யாரோ டைப் அடித்துக்கொண்டிருந்தார்கள். "எனக்கு மிச்சம் இருக்கிறது இவ ஒருத்திதான்" என்றாள். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

வாடகைக் காரில் வீட்டுக்குத் திரும்பும்போது அம்மா கேட்டாள்.

"அப்ப நான் சொன்னதெல்லாம் நீதான் கேட்ட."

"ஆமா."

"பொய்யா?"

"இல்லம்மா."

அம்மா தலையை அசைத்தாள். கார் பாலத்தில் ஏறி இறங்கியது. 

அத்தானைப் பிடிப்பது கஷ்டமாக இருக்கவில்லை. ஹோட்டலில் விரிப்புகளுக்குப் பொறுப்பாக இருந்த பெண்ணின் வீட்டில் இருந்தார். பெரியவளோடு நடந்த சண்டையே அவளைப் பற்றித்தான். சின்னவள் இதை இன்ஸ்பெக்டர் சொல்லித்தான் தெரிந்துகொண்டாள். அப்படியானால் கண்ணாடியைத் தட்டியதும் வார் கட்டிவிட்டதும் என்ன என்று ஒரு கேள்வி எழுந்து, பதில் தேடாமலே அடங்கியது. ஒன்றும் இல்லை. சும்மா, கைப்பழக்கம். அவர் கடைசிவரை உதறினேன், தள்ளவில்லை என்றே சொன்னார். கோர்ட் பாதி நம்பியது. ஆனாலும் நீண்ட தண்டனைதான். பொய் வாக்குமூலத்துக்காகச் சின்னவளும் சில மாதங்கள் உள்ளே இருந்துவிட்டு வந்தாள். அம்மாவைப் பக்கத்து வீட்டுக்காரி பார்த்துக்கொண்டாள்.

வெளியே வந்ததும் இஸ்திரிக்காரரைத் தேடிப் போனாள். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்துப் பார்த்திருந்தாள். அவர் வாசலிலேயே நின்றார். தலை முழுக்க நரைத்திருந்தது. வேறொரு லாண்டரியில் வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னார். அவள் தொடங்கினாள். அவர் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"பாத்துட்டீங்க இல்ல. போயிட்டு வாங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கடையில் துணி இன்னும் ஆகவில்லை என்று சொல்வாரே, அந்தக் குரலில் சொன்னார். அவர் மனைவி உள்ளேயிருந்து வரவில்லை.

கடைசியாக லாண்டரி இருந்த இடத்தைக் காலி செய்து கொடுக்க வேண்டியிருந்தது. அம்மாவும் வருவேன் என்றாள். இருவருமாகப் போய்க் கதவைத் திறந்தார்கள். இயந்திரங்களை யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். தூசி மூடிய துணிகள் கம்பியில் வரிசையாகத் தொங்கின. அம்மா பின்கதவு எங்கே என்று கேட்டாள். காட்டியதும் அதைத் திறக்கச் சொல்லி, தடவித் தடவிப் போய், படியின் கீழ்ப்படியில் உட்கார்ந்துகொண்டாள். சின்னவள் துணிகளை எடுத்து மூட்டை கட்டத் தொடங்கினாள்.

கதவு திறந்திருப்பதைப் பார்த்து ஒருவர் எட்டிப் பார்த்தார். வெளியூரில் வேலை, போன வருஷம் ஒரு கோட்டுக் கொடுத்தேன், எப்போது வந்தாலும் பூட்டியே இருக்கிறது என்றார். ரசீது தொலைந்துவிட்டது. பழுப்பு நிறம் என்றார். சின்னவள் கம்பியில் தேடி எடுத்துக் கொடுத்தாள். அவர் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பொத்தான் போட்டிருக்காங்களே. நான் சொல்லவே இல்லையே."

மேலிருந்து இரண்டாவது பொத்தான். மற்றவற்றின் நிறத்துக்கே தேடிப் பிடித்து, பழுப்பு நூலால் தைத்திருந்தது. அன்றைக்குக் கோட்டை வாங்கி வைத்த அந்த அம்மா இல்லையா, ஒரு நன்றி சொல்லலாம் என்றார்.

"இல்லை" என்றாள் சின்னவள்.

சரி, நான் சொன்னதாகச் சொல்லுங்கள் என்று கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு போனார். அவள் மற்ற துணிகளைக் கட்டி முடித்துவிட்டுப் பின்னால் போனாள். அம்மா அதே படியில், சுவரில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். போகலாமா என்று கேட்டாள் சின்னவள். கொஞ்ச நேரம் கழித்துப் போகலாம் என்றாள் அம்மா. சின்னவள் பக்கத்தில் உட்கார இடம் பார்த்தாள். படி குறுகலாக இருந்தது. அதனால் நின்றுகொண்டே இருந்தாள்.